தயவுசெய்து ரீவைண்ட் செய்ய வேண்டாம்

போன வருடம் ஏறக்குறைய இரண்டு மாதம், எழுபது வயதைத் தாண்டிய, மூட்டுவலியுள்ள ஓர் அம்மா என்னைப் பழிவாங்குவதற்கென்றே எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குக் குடிவந்திருக்கிறார் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். சிரிக்க வேண்டுமென்றால் என் மனைவிக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். பெங்களூரு தொம்மலூரில் பழைய ஊரின் சந்துகளுக்கும் புதிய ஆபீஸ் கண்ணாடிகளுக்கும் நடுவில் செருகிவைத்த கட்டடம். அந்த இரண்டு மாதமும் நான் லிஃப்டில் ஏறவில்லை. "உடம்புக்கு நல்லது" என்று வீட்டில் சொல்லிவிட்டு, முழங்காலுக்குத் தைலத்தைக் குளியலறையில் ஒளிந்துகொண்டு தேய்த்தேன். மூன்றாவது மாடித் திருப்பம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்வேன். ஒருநாள் செக்யூரிட்டி இதைப் பார்த்துவிட்டு, செருப்பு ஏன் கையில் என்று கன்னடத்தில் கேட்டார்.

"யாக்கே சார், சப்பலி கையல்லி?"

"வேண்டுதல்" என்றேன். அன்றிலிருந்து அவர் மூன்றாவது மாடியைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் காரணம் லிஃப்டில் நடந்த ஒரே ஒரு சந்திப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கக் கீழே போய்க்கொண்டிருந்தேன். லிஃப்ட் மூன்றில் நின்றது. பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, கையில் துணிப்பையோடு ஒரு அம்மா உள்ளே வந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"நீ ஆஸ்டின் டவுன் ஃபேக்டரிக்காரர் புள்ளதான?"

"ஆமாக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூளை அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது.

"அந்தப் படம்... கடைசி வரைக்கும் பாத்தியா?"

லிஃப்ட் தரையில் நின்றது. "ஆபீஸுக்கு லேட்டாயிடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, லுங்கியோடு, கையில் பால் தூக்கோடு, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு ஓடினேன்.

எங்கள் தெருவில் அவரைக் கேசட் அக்கா என்பார்கள். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. வீட்டின் முன்னறைதான் வீடியோ லைப்ரரி. மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை கேசட்டுகள். நாலாவது பக்கம் ஷட்டர். நடுவில் ஒரு தையல் மெஷின். அக்காவின் கால் பெடலில் ஓடிக்கொண்டிருக்கும், கை ரவிக்கைத் துணியை நகர்த்திக்கொண்டிருக்கும், பக்கத்து ஸ்டூலில் ரீவைண்டர் என்கிற சின்னப் பெட்டி கேசட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு சத்தமும் சேர்ந்து தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அந்தக் காலத்தில் ஊரிலிருந்த எல்லா வீடியோ கடையிலும் ஒரே அறிவிப்புதான் தொங்கும்: கேசட்டை ரீவைண்ட் செய்து திருப்பித் தரவும். செய்யாமல் கொடுத்தால் கடைக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். எங்கள் அக்கா கடையில் மட்டும் புடவை அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது: தயவுசெய்து ரீவைண்ட் செய்ய வேண்டாம்.

புதிதாக வந்தவர்கள் இந்த அம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வார்கள். மனசெல்லாம் ஒன்றுமில்லை. நீங்கள் படத்தை எங்கே நிறுத்தினீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கேசட்டை வாங்கியதும் டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அந்தச் சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாக இடது பக்கம் எவ்வளவு நாடா, வலது பக்கம் எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு கேள்வி வரும்.

"கடைசி வரைக்கும் பாக்கலையே. இன்னும் அரைமணி நேரம் கீதே?"

"தூக்கம் வந்துடுச்சுக்கா."

"போய் முடிச்சிட்டு வா."

அவ்வளவுதான். கேசட் திரும்ப உங்கள் கைக்கே வந்துவிடும். படத்தை முடிக்காமல் அடுத்த கேசட் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, கோபித்துக்கொண்டாலும் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் இருந்தார். தெருவே ஒதுங்கி வழிவிடும் ஆள். சண்டைப் படம் மட்டும் எடுப்பார். சண்டை முடிந்ததும் நிறுத்திவிட்டுக் கொண்டுவந்து தருவார். அவரிடமும் அதே வார்த்தைதான். அவர் ஸ்டூலை ஒரு உதை விட்டு, "ஏய், நான் யாருன்னு தெரியுமா?" என்றார்.

அக்கா பெடலை நிறுத்தாமல் சொன்னார்: "தெரியும். பாதிப் படம் பாத்தவன்."

மனிதர் கேசட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மறுநாள் வந்தபோது கண் சிவந்திருந்தது. குடி என்று நினைத்தோம். "கடைசியில அந்த அம்மா செத்துடுதுக்கா" என்றார்.

"ஒருத்தன் அவ்ளோ பாடுபட்டு எடுத்துகினு வந்திருக்கான். கடைசியா இன்னா சொல்றான்னு கேக்காம எழுந்து போறது மரியாதையா?" இதுதான் அக்காவின் ஒரே தத்துவம். நவம்பர் மாதம் கன்னட ராஜ்யோத்சவத்துக்குத் தெருவில் ஆர்க்கெஸ்ட்ரா போட்டால், கூட்டமெல்லாம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் ஒரு நாற்காலி மட்டும் நடுவில் நிற்கும். அதில் அக்கா. பாடகர் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்ததும் ஒரு முறை கைதட்டிவிட்டு எழுவார்.

நாடாவைப் பார்த்தே ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று தெருவில் ஒரு பயம் இருந்தது. ஆனால் அவர் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கேசட் எடுத்துப் போனது. மறுநாள் மாப்பிள்ளை திருப்பிக் கொண்டுவந்தார். அக்கா டியூப்லைட்டில் பார்த்தார். படம் பத்து நிமிடம்தான் ஓடியிருந்தது. நான் போருக்குத் தயாரானேன். அக்காவோ கேசட்டை நீட்டி, "வெச்சுக்கோங்க, பேகா பேகான்னு அவசரமா முடிக்க வேணாம்" என்றார். ஒரு வாரம் கழித்து வந்தபோதும் அதே பத்து நிமிடம்தான். அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. ரவிக்கைத் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ நூலைக் கடித்தார்.

இன்னொரு முறை எதிர்வீட்டுப் பெரியவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பாதிப் படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அவர் மகன் கேசட்டைக் கொண்டுவந்து, "மன்னிச்சுக்கோங்கக்கா, அப்பாவால முடிக்க முடியல" என்றார். அக்கா அதை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. ரீவைண்டரிலும் போடவில்லை. அன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெரியவர் நிறுத்திய இடத்திலிருந்து உட்கார்ந்து பார்த்தார். நான் ஷட்டருக்குக் கீழே குனிந்து, "அக்கா, கடை இல்லையா?" என்று கேட்டேன். "இருடா. இவரோட மிச்சத்த முடிச்சுடறேன்" என்றார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் பதினைந்து வயதில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அது ஒரு சீனத்துச் சண்டைப் படம். பெயரைச் சொல்லப்போவதில்லை, அக்காவே சொன்னதில்லை. கேசட் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் "பொண்ணு, கத்தி, 5 பேர்" என்று எழுதியிருந்தார். கதையும் அதுதான். அப்பாவைக் கொன்ற ஐந்து பேரை ஒரு பெண் ஒவ்வொருவராகத் தேடிப் போய்த் தீர்க்கிறாள். தானாகக் கூப்பிட்டு அக்கா என் கையில் கொடுத்த ஒரே கேசட் அது. "பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு" என்றார். எல்லோரிடமும் "பாரு" என்று மட்டும் சொல்பவர், என்னிடம் "சொல்லு" என்றார். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

கோடை விடுமுறை. அப்பா ஃபேக்டரிக்கும் அம்மா மல்லேஸ்வரத்தில் சித்தி வீட்டுக்கும் போயிருந்தார்கள். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த வீடியோ டெக்கை நான் தொடவே கூடாது என்பது வீட்டுச் சட்டம். மத்தியானம் இரண்டு மணிக்குச் சட்டத்தை மீறினேன்.

முதல் வில்லன் ஏதோ ஒரு சேற்று வயலில் செத்தான். கொஞ்ச நேரத்தில் படத்தில் எல்லோர் முகத்திலும் சோகை பிடித்த மாதிரி தெரிந்தது. டிவியின் கலர் திருகியை ஏற்றினேன். இரண்டாமவன் மூங்கில் காட்டில் செத்தான். மரமெல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. டிவியின் தலையில் தட்டினேன். மூன்றாமவன் ஆற்றில். நீலம் போயிற்று. அப்போதுதான் எனக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டான். நாடாவில் அழுக்கு! கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, கைக்குட்டையை அப்பாவின் யூடிகோலோன் சென்ட்டில் நனைத்து, கைக்கெட்டிய நீளத்துக்கு நாடாவைத் துடைத்தேன். திரும்பப் போட்டேன். நாலாவது வில்லன் செத்தான். இருந்த ஒரே நிறமான சிவப்பும் போய்விட்டது.

நான் இன்னும் கொஞ்சம் யூடிகோலோன் போட்டேன்.

கடைசி வில்லன் ஒரு மணிக்கூண்டுக்குள் ஓடினான். அவள் பின்னாலேயே போனாள். சத்தம் நின்றது. இரைச்சல்கூட இல்லை; திரை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஏதோ அசைவதும், கத்தி பிடித்த ஒரு கை தலைக்குமேல் உயர்ந்து நிற்பதும் மட்டும் தெரிந்தது. நிறுத்து பொத்தானை அழுத்தினேன்.

டெக் போய்விட்டதா, கேசட் போய்விட்டதா? வீட்டில் கிடந்த மாமாவின் கல்யாணக் கேசட்டைப் போட்டேன். பட்டுப்புடவைகள் பளபளவென்று தெரிந்தன, நாதஸ்வரம் காதைப் பிளந்தது. ஆக, டெக் நலம். கேசட்டைக் கொன்றது நான்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உச்சம். எங்கே நிறுத்தினேன் என்று அக்காவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக முழுக்க ரீவைண்ட் செய்தேன். அந்தக் கடையின் சரித்திரத்திலேயே ரீவைண்ட் செய்த கேசட்டோடு போய் நின்ற ஒரே ஆள் நான்தான். கைரேகையைத் துடைக்கிறேன் என்று கத்தியைச் சவுக்காரம் போட்டுக் கழுவி போலீஸிடம் கொடுத்த மாதிரி.

அக்கா டியூப்லைட்டில் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"ரீவைண்ட் பண்ணிட்டியா?"

"அம்மா தெரியாம பண்ணிட்டாங்கக்கா."

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இன்னாடா, கேசட் மணக்குது?"

"அம்மா தெரியாம..."

"சரி சரி. கடைசி வரைக்கும் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. சூப்பர்."

அக்காவின் கால் பெடலில் நின்றது. ரீவைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்து அக்கா தையலை நிறுத்தியது அன்றுதான். முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "கடைசி ஆள யாரு கொன்னா?" என்று கேட்டார்.

இது என்ன கேள்வி? பழிவாங்கும் படத்தில் யார் கொல்வார்கள்? "அவதான்க்கா. ஒரே வெட்டு."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "அப்டியா?" என்றார். கேசட்டை மற்றவற்றோடு அடுக்காமல் மெஷின்மேல் தனியாக வைத்தார். பெடல் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்தச் சிரிப்புக்கு நான் அன்று செய்த பொழிப்புரை: எனக்குத் தெரியும், சமயம் வரும்போது வெட்டுவேன்.

அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் அதே கேள்வி. ரேஷன் கடை வரிசையில், பஸ் ஸ்டாப்பில், தேர்வு எழுதப் போகும் வழியில்: "டேய், அந்தப் படம் கடைசி வரைக்கும் பாத்தியா?" முகத்தில் அதே சிரிப்பு. படத்தில் அந்தப் பெண்ணும் அப்படித்தான், ஒவ்வொரு வில்லனிடமும் முதலில் அமைதியாக ஒரு கேள்வி கேட்பாள். நான் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தெரு சுற்றிப் போக ஆரம்பித்தேன். சீக்கிரமே கடை மூடிவிட்டது. கேசட்டெல்லாம் மூட்டையாகப் போவதை எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். நான் கெடுத்த கேசட்டால்தான் கடைக்குக் கெட்ட பெயர் வந்து மூடிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். பதினைந்து வயதில் உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நாமே காரணம்.

லிஃப்ட் சம்பவத்துக்குப் பிறகு ஒருநாள் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மூணாவது மாடியில ஒரு அம்மா வந்திருக்காங்க. மகன் ஓசூர்ல வீடு கட்டறாராம், அது முடியற வரைக்கும் இங்க. ரொம்ப நல்லவங்க. உங்களக் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"உன் வீட்டுக்காரரு கடைசி வரைக்கும் பாத்தாரான்னு கேளுன்னாங்க. எதை?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வைக்காமல் சிரித்திருந்தால் விரல் போயிருக்கும்.

"ஏங்க, முப்பத்தஞ்சு வருஷம் முந்தி கேசட்டக் கெடுத்தீங்க. அதுக்காக அவங்க பென்ஷன் வயசுல மூட்டைமுடிச்சோட கெளம்பி வந்து உங்களப் பழிவாங்கறாங்களா?"

"நீ அவங்க சிரிப்பப் பாத்ததில்ல."

"தினம் பாக்கறேன். கொத்தமல்லி வாங்கிக் குடுத்தா சிரிக்கறாங்க."

பரிகாரம் செய்வதென்று தீர்மானித்தேன். நான் கெடுத்ததற்குப் பதிலாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். இணையத்தில் தேடினேன். ஐந்து வில்லன், ஒரு பெண், மணிக்கூண்டு என்று போட்டதும் கிடைத்துவிட்டது. பழைய ஃபிலிம் சுருளிலிருந்து ஒவ்வொரு சட்டகமாகச் சுத்தம் செய்து, மிக உயர்ந்த தரத்தில் புதிதாக வெளியிட்ட டிஸ்க். அதைப் போட ஒரு பிளேயரும் வாங்க வேண்டியிருந்தது. மனைவியிடம் அது ஆபீஸ் சாமான் என்றேன். இந்த வீட்டில் நான் சொன்ன பொய் எதுவும் இதுவரை வெற்றி பெற்றதில்லை, அதுவும் பெறவில்லை.

கொடுப்பதற்கு முன்னால் டிஸ்க் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. சனிக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரைக்காய் சீசன். மனைவி ஒரு பெரிய தாம்பாளத்தில் ஊறவைத்த அவரைப் பருப்பைப் பிதுக்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்த அரை நிமிடத்திலேயே, நான் அந்தப் படத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. எங்கள் பழைய டிவியில் பழுப்புச் சேறாகத் தெரிந்தது உண்மையில் கடுகுப்பூ வயல். ஒவ்வொரு பூவும் தனித்தனியாக ஆடியது. முதல் வில்லன் மஞ்சள் அங்கியில் விழுந்தான். அடுத்த காட்சியில் விளக்கு எரிந்தது. சுடர் வெள்ளையாக இருந்தது.

"மஞ்சளே காணமே" என்றாள் மனைவி.

"என்ன?"

"அவன் செத்ததும் மஞ்சள் போயிடுச்சு. வாழைப்பழத்தப் பாருங்க, வெள்ளையா இருக்கு."

மூங்கில் காட்டில் இரண்டாமவன் விழுந்தான். பச்சை ஒவ்வொரு இலையாக வடிந்து போயிற்று. எனக்குக் காது சூடாயிற்று. மூன்றாமவனோடு நீலம், நாலாமவனோடு சிவப்பு. ஆள் ஒருவன் விழ, நிறம் ஒன்று போவதுபோல வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். நான் யூடிகோலோன் போட்டுத் துடைத்தது அழுக்கை அல்ல, அந்த டைரக்டரின் கற்பனையை.

ஆனாலும் பாருங்கள், பழைய பயம் லேசில் விடுமா? மணிக்கூண்டு வந்தது. சத்தம் நின்றது. நான் துள்ளி எழுந்து டிவிக்குப் பின்னால் போய் ஒயரைப் பிடித்து ஆட்டினேன். பத்து வினாடி, முழுதாகப் பத்து வினாடி, நான் தொட்டாலே இந்தப் படம் இதே இடத்தில் கெட்டுப்போகும் என்று ஒரு சாபம் இருப்பதாக நம்பினேன்.

"சும்மா வந்து உக்காருங்க" என்றாள் மனைவி. "அவ என்ன பண்றா பாருங்க."

பார்த்தேன். வாயைத் திறந்தபடியே பார்த்தேன். அதை இப்போதே சொல்லப்போவதில்லை, கொஞ்சம் பொறுங்கள். திடீரென்று ஒரு மணி ஓசை எழுந்தது. சோபா அதிர்ந்தது. தாம்பாளம் கவிழ்ந்து வழுக்கும் அவரைப் பருப்பு கூடமெங்கும் ஓடியது. திரையில் மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, போன எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தன.

பருப்பைப் பொறுக்கவில்லை. செருப்புப் போடவில்லை. லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினேன்.

கதவைத் திறந்த அக்கா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வாடா. இவ்ளோ நாளா எங்க, மாடிப்படியிலயே குடித்தனமா? செருப்பக் கைல வெச்சுகினு போறத நானே நாலு தபா பாத்தேன்."

"அக்கா, கடைசி வரைக்கும் பாத்துட்டேன்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "யாரு கொன்னா?"

"யாரும் கொல்லலக்கா. பயந்துபோயி நிழல வெட்டறேன்னு மணிக் கயித்த அவனே வெட்டிக்கினான். மணி தலைமேல விழுந்துடுச்சு."

எழுபது வயது அம்மா குதித்து நான் பார்த்ததில்லை. மூட்டுவலியோடு ஒரு சின்னக் குதி குதித்தார். "அதான்டா! அதான்! இதச் சொல்றதுக்கு உனக்கு முப்பத்தஞ்சு வருஷமா?"

நான் கேட்டேன், இத்தனை வருடமாக வயிற்றில் சுமந்ததை. "கேசட்ட நான் கெடுத்துட்டேன்னு உங்களுக்குக் கோவம் இல்லையாக்கா?"

"கோவமா? டேய், அந்தக் கேசட்ட எடுத்துகினு போனவன் எல்லாரும் அந்த வெள்ளையிலயே நிறுத்திட்டு வந்து கெட்டுப்போச்சுன்னு சொன்னானுங்க. கெடலடா, அறுபது வரைக்கும் எண்ணு, மணி விழும்னு சொன்னா ஒருத்தனும் நம்பல, வேற கேசட் குடுன்னானுங்க. அந்தப் படத்த மட்டும் ஒருத்தனையும் என்னால முடிக்க வைக்க முடியல. நீ ஒருத்தன்தான் ரீவைண்ட் பண்ணிக் குடுத்த. செரி, இவனாவது முடிச்சிருப்பான், இவங்கிட்டயாவது பேசலாம்னு பாத்தா, ஒரே வெட்டுன்னு சொல்லிட்ட. பாத்தியா, பாக்கலையான்னு எனக்கு ஒண்ணும் புரியல. அதான் கேட்டுகினே இருந்தேன்."

"கடை மூடினது?"

"கேபிள் வந்துச்சு, மூடிட்டேன். நீ இன்னா நெனச்ச?"

நான் நினைத்ததைச் சொல்லவில்லை. எல்லா அவமானத்தையும் ஒரே நாளில் செலவழிக்கக் கூடாது. அன்று மட்டும் நான் "அக்கா, ஏதோ ஆயிடுச்சு" என்று உண்மையைச் சொல்லியிருந்தால், "அறுபது எண்ணு" என்ற இரண்டு வார்த்தையில் விஷயம் முடிந்து, நான் நேர் வழியிலேயே பள்ளிக்கூடம் போயிருப்பேன்.

"ஆனா எனக்கே ஒண்ணு தெரியாதுடா" என்றார் அக்கா. "அவன் நிழல வெட்டிகினு கீறப்ப, அந்தப் பொண்ணு இன்னா பண்ணுவா? கேசட்ல வெள்ளையா கீழ ஏதோ அசையும். எத்தினி தபா பாத்தும் தெரியல."

"நான் சொல்லட்டுமா?"

"வாய மூடு. நானே பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு சோபாவில், பொறுக்கி எடுத்ததுபோக மிச்சப் பருப்பு காலில் ஒட்ட, மூன்று பேரும் முதலிலிருந்து பார்த்தோம். வெள்ளை வந்தது, சத்தம் நின்றது. சுத்தமான அந்தப் படத்தில் வெள்ளைக்குள் வெள்ளையாக எல்லாம் தெரிந்தது: வெள்ளை அங்கியில் சுழன்று சுழன்று வெட்டும் அந்தக் கடைசி வில்லன், சுவரெல்லாம் அவன் நிழல், தலைக்குமேல் வெள்ளைக் கயிறு. கீழே படிக்கட்டில் அவள் கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து, காலில் குத்தியிருந்த முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து நான் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு எடுத்துகினு கீறாடா! அவன் உசுரு போவுற மாதிரி ஆடறான், இவ முள்ளு எடுக்கறா!"

மணி விழுந்தது. எழுத்துக்கள் ஓடி, கடைசி எழுத்தும் மேலே போய் மறைந்து, திரை கறுத்தது. அதுவரை அக்கா எழவில்லை. பிறகு ஒரு முறை கைதட்டினார்.

இப்போது அவர் ஓசூரில், மகனின் புது வீட்டில். டிஸ்க்கும் பிளேயரும் அவரிடம்தான். மாதம் ஒருமுறை போன் வரும், ஏதாவது படத்தைப் பார்த்தாயா என்று. நான் பாதியில் நிறுத்தியிருந்தால் நிறுத்தினேன் என்றே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் படம் பார்த்த அன்று, கிளம்புவதற்கு முன்னால் அக்கா ஒன்று செய்யச் சொன்னார். "நீ எங்க நிறுத்தின, காட்டு." ரிமோட்டால் பின்னால் ஓட்டி, கத்தி பிடித்த கை தலைக்குமேல் உயரும் இடத்தில் நிறுத்தினேன். "இங்கதான்க்கா." "விடு. எண்ணு" என்றார். மூன்று பேரும் வாய்விட்டு எண்ணினோம். கேசட் கெடவில்லை, படமே அப்படித்தான் எடுக்கப்பட்டிருந்தது. நான் நிறுத்திய இடத்துக்கும் மணி விழுவதற்கும் நடுவில் பதினோரு வினாடி இருந்தது.